சீயா தந்த மூங்கில்



போன வாரம் நாங்கள் போட்ட ஒரு படத்தால் வந்த நீண்ட பதிவு இது. பன்னிரண்டு மூங்கில் துண்டுகளை நிழலில் ஒரு பாத்தியில் வரிசையாகப் படுக்க வைத்து, மேலே மண் போடுவதற்கு முன் எடுத்த படம் அது. "யாரை அடக்கம் செய்றீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஏன் படுக்க வைத்தீர்கள், நிறுத்தி நட்டால் வராதா, வளவுக்குள் மூங்கில் வைத்தால் வீட்டு அத்திவாரத்துக்குள் போகாதா, பாம்பு வராதா, எங்களுக்கும் ஒரு துண்டு கிடைக்குமா என்று இன்னும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். ஆனால் மூங்கிலை மட்டும் தனியாக எழுத முடியாது. அது எங்கள் வளவுக்கு வந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் என்றால் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் தமிழ். மூன்று பிள்ளைகள். எங்களோடு உம்மா. வளவு மாவனல்லையில், மா ஓயாவின் கரையில். அரநாயக்க மலைகளில் தொடங்கி 134 கிலோமீற்றர் ஓடி கொச்சிக்கடையில் கடலில் சேரும் ஆறு அது. வாப்பா வாங்கிய காணி. உறுதியில் 32 பேர்ச்.

2016 மே மாத வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து குடும்பம் குடும்பமாக மண்ணுக்குள் போன அதே கிழமை. எங்கள் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அதனாலேயே எங்கள் இழப்பைப் பற்றி வாய் திறக்க அப்போது வெட்கமாக இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பின்வளவைப் போய்ப் பார்த்தோம். 60 அடி நீளத்துக்கு 12 அடி அகலம் இல்லை. ஒரு தென்னையும் மூன்று பாக்கு மரங்களும் போயிருந்தன. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டரை பேர்ச். கிணற்றுக்கும் கரைக்கும் இடையில் 40 அடி இருந்தது, 28 அடியாகிவிட்டது. உறுதியில் இன்றைக்கும் 32 பேர்ச்தான். ஆற்றுக்கு உறுதி வாசிக்கத் தெரியாது.

வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மா ஓயாவில் பல வருடங்களாக நடந்த மணல் அகழ்வால் ஆற்றின் அடி தாழ்ந்ததும், கரைகள் இடிந்ததும், பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளும் அந்த மணல் இருக்கிறது என்றே நினைக்கிறோம். ஆகவே யாரையும் நோக்கி விரல் நீட்ட வரவில்லை.

மேசன் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். கருங்கல் சுவர் கட்ட அவர் சொன்ன தொகை எங்கள் இருவரின் இரண்டு வருடச் சம்பளம். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் பிள்ளைகள் அவரைச் சிங்களத்தில் 'சீயா' என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகளைப் பார்த்து நாங்களும் சீயா என்றே கூப்பிடத் தொடங்கி, கடைசியில் உம்மாவுக்கும் அவர் சீயாவாகிவிட்டார். அவருடைய கரையும் அந்த வெள்ளத்தில் அரித்திருந்தது. ஆனால் பழைய மூங்கில் புதர் ஒன்று நின்ற இடம் மட்டும் மூக்கு மாதிரி ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களிடம் அவர் சொன்னார்: "வேண்டியதை வெட்டிக்கொண்டு போங்க. என்னைக் கேட்கத் தேவையில்லை. ஆனா இப்ப வெட்ட வேண்டாம், இது காலமில்லை."

முதல் பாதியைக் கேட்டோம், இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை.

உம்மாவுக்கு விருப்பமில்லை. "மூங்கில் வெச்சா பாம்பு வரும் பிள்ளைகள்" என்றார். அவசரத்தில் அதையும் கேட்கவில்லை. ஜூலையிலேயே பத்துத் தண்டுகளை வெட்டினோம். நல்ல பச்சையாக, பளபளவென்று இருந்ததாகப் பார்த்து எடுத்தோம். கம்பு நடுவது போல் கரையில் நிறுத்தி நட்டோம். ஒரு மாதத்துக்குள் பத்தும் அழுகின. நாங்கள் எடுத்தவை அந்த வருடம்தான் வெளியே வந்த இளந்தண்டுகள். சதை முற்றாத தண்டில் சேமிப்பு இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது.

ஒக்டோபர் மழையோடு இரண்டாம் முறை. இந்த முறை முற்றிய தண்டு. மூன்றாவது கிழமை கணுக்களில் பச்சை முளை வந்தது. ஒரு மாதத்தில் அரையடிக் கிளைகள், கிளை நிறைய இலைகள். படம் எடுத்து இங்கேயே போட்டோம். நீங்களும் 'மாஷா அல்லாஹ்' போட்டீர்கள். டிசம்பரில் எல்லாவற்றையும் கிளப்பிக் கரையில் நட்டோம். 2017 ஜனவரி வெயிலில் ஒன்றன் பின் ஒன்றாகக் காய்ந்தன. பிடுங்கிப் பார்த்தபோது ஒன்றிலும் ஒரு வேர்கூட இல்லை. அந்தப் படத்தை நாங்கள் எடுத்துவிட்டோம், அதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

நடந்தது இதுதான். வெட்டிய மூங்கில் தண்டு தனக்குள் இருக்கும் மாப்பொருளை வைத்தே முதலில் இலை விடும். வேர் அதற்குப் பிறகு, பல கிழமைகள் கழித்துத்தான் வரும். இலையைப் பார்த்து நாம் ஏமாந்து கிளப்பினால் கதை முடிந்தது. பதிய இனப்பெருக்கத்தை வருடா வருடம் வகுப்பில் படிப்பிக்கிறவர்களே இதில் தோற்றோம். பிள்ளைகளிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறோம். தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து எடுக்கிற புள்ளியும் இந்த இலை மாதிரித்தான் என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்குகிறது.

மூன்றாம் முறை சீயா சொன்ன காலத்தில், 2017 ஏப்ரல் மழையில், அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தோம். கேட்டவர்களுக்காக அந்த முறையை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் தண்டைத் தெரிவு செய்வது. ஒரு வயது கடந்து, மூன்று வயதுக்குள் இருக்கும் தண்டு வேண்டும். வயதைப் பார்ப்பது கஷ்டமில்லை. இந்த வருடத்துத் தண்டில் மட்டை போன்ற உறை கீழ்க் கணுக்களில் இன்னும் ஒட்டியிருக்கும், மேலே வெண்தூள் படிந்திருக்கும். கிழட்டுத் தண்டில் பாசியும் வெள்ளைத் திட்டுகளும் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுங்கள். அதிலும் அடியையும் நுனியையும் விட்டு நடுப்பகுதி நல்லது.

அடுத்து வெட்டுவது. ஒரு துண்டில் இரண்டு கணுக்கள் இருக்க வேண்டும். கணுவுக்கு வெளியே இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் விட்டுக் கூரிய வாளால் அறுங்கள். கத்தியால் கொத்தினால் தண்டு வெடிக்கும். பக்கக் கிளைகளைக் குட்டையாக நறுக்கலாம், ஆனால் கிளையின் அடியில் இருக்கும் முளையில் காயம் படக்கூடாது. அந்த முளையில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு கணுக்களுக்கும் நடுவில், மேல்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டு, உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் தண்ணீர் ஊற்றி, பொலித்தீன் சுற்றி மூடிவிடுங்கள். தண்டு காயாமல் இருக்க இது பெரிய உதவி. மணலும் கொம்போஸ்டும் தும்புத்தூளும் கலந்த பாத்தியில், முளைகள் இரண்டு பக்கமும் பார்க்கும்படி படுக்க வைத்து, இரண்டு மூன்று அங்குலம் மண் போடுங்கள். அதுதான் நீங்கள் படத்தில் பார்த்த அடக்கம். நிழல் வேண்டும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது.

பிறகு தொடாமல் இருப்பது. இதுதான் மிகவும் கஷ்டம். முளை வந்தாலும், இலை வந்தாலும் மூன்று மாதம் கிளப்பாதீர்கள். மெதுவாக இழுத்துப் பார்த்தால் மண் பிடித்து இழுக்க வேண்டும். அப்போதுதான் வேர். பிறகு பைக்கு மாற்றி, அடுத்த மழையில் நிலத்தில் நடலாம். எங்கள் பன்னிரண்டில் ஆறு வேர் விட்டன. சீயா அதை நல்ல விளைச்சல் என்றார்.

இன்னொரு முறையும் இருக்கிறது. புதரின் ஓரத்தில் நிற்கும் ஒரு தண்டை, மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தண்டுக் கிழங்கோடு சேர்த்துப் பிரித்து எடுத்து, மேலே நாலடி விட்டு வெட்டி நடுவது. இது அநேகமாகத் தப்பாது. ஆனால் அலவாங்கோடு இரண்டு பேர் அரை நாள் மாரடிக்க வேண்டும். ஒன்றே ஒன்று அப்படி எடுத்தோம். முதுகு ஒரு கிழமை பேசியது.

அந்த ஏழையும் 2017 ஒக்டோபரில் நட்டோம். விளிம்பிலிருந்து பத்தடி உள்ளே நான்கு, கீழே சரிவில் மூன்று. ஒன்றுக்கொன்று பதினைந்தடி இடைவெளி.

இனி உங்கள் பயங்களுக்கு வருவோம்.

அத்திவாரத்துக்குள் போகுமா? மூங்கிலில் இரண்டு வகை. ஒன்று மண்ணுக்குள் நீளமாக ஓடி எங்கோ ஓரிடத்தில் தலை நீட்டும். குளிர் நாடுகளில் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குக் காரணமாவது அநேகமாக அதுதான். நம் ஆற்றங்கரைகளில் பார்ப்பது மற்ற வகை. இஞ்சிக் கிழங்கு மாதிரி குட்டைக் கிழங்கு, தாய்க்குப் பக்கத்திலேயே குட்டி. இடத்தை விட்டு ஓடாது, ஆனால் வருடா வருடம் அகலும். எனவே வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது பதினைந்து அடி தள்ளி வையுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிற இராட்சத மூங்கிலை வீட்டு வளவுக்கு நினைக்கவே வேண்டாம். அது 80, 100 அடி போகிற சாதி.

எவ்வளவு காலத்தில் வளரும்? மூங்கில் மரமல்ல, புல். மண்ணிலிருந்து வெளியே வரும்போது என்ன தடிப்போ அதே தடிப்புத்தான் கடைசிவரை. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரமும் போய்விடும், பிறகு முற்றுவது மட்டும்தான் வேலை. முதல் வருடம் பென்சில் தடிப்பில் வந்தால் மனம் சோராதீர்கள். அடுத்த வருடத்துக் குட்டி பெருவிரல் தடிப்பு, அதற்கடுத்தது கைத்தடி. எங்களுக்குப் பாவிக்கத்தக்க தண்டு கிடைக்க ஐந்து வருடம் எடுத்தது. இலை எல்லாக் காலமும் கொட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு நாளும் மொட்டையாக நிற்காது. கொட்டிய இலையைக் கூட்டி எரிக்காமல் அடியிலேயே விடுங்கள். அதுதான் அதற்கு உணவு.

பாம்பு? சருகு குவிந்து எலி வந்தால் பாம்பும் வரும். அது மூங்கிலின் குற்றமில்லை. பாம்பை விடப் பெரிய ஆபத்து ஒன்றை நாங்களே உண்டாக்கினோம். தண்டு வெட்டும்போது கணுவுக்கு நடுவில் வெட்டிவிட்டோம். மிஞ்சிய அடிக்கட்டை ஒவ்வொன்றும் ஒரு கோப்பை. மழைத்தண்ணீர் நிறைந்து நுளம்புக் குடம்பி. டெங்குச் சோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டோர்ச் அடித்துக் காட்டியபோது இரண்டு ஆசிரியர்களும் தலை குனிந்து நின்றோம். எப்போதும் கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். தவறிவிட்டால் கட்டைக்குள் மண்ணைப் போட்டு நிரப்புங்கள்.

வெட்டிய தண்டை இரண்டு மூன்று கிழமை ஆற்றில் கட்டி ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் மாப்பொருள் கரைந்து வண்டு துளைப்பது குறையும். குட்டி வருகிற மழைக்காலத்தில் வெட்டாதீர்கள். எங்கள் தண்டுகள் போஞ்சிக் கொடிக்கும், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், பள்ளிவாசல் பந்தலுக்கும் போயிருக்கின்றன.

இனி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும் பகுதி.

2018 கடைசியில் சீயாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வளவில் புது வீடு தொடங்கினார். கரைக்குக் கொங்கிரீட் சுவர் கட்டுவதற்காகப் பெக்கோ வந்தது. அந்தப் பழைய புதரைக் கிளப்ப இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் சீயா வெளியே வரவில்லை. மகனைப் பிழை சொல்ல மாட்டோம். பிள்ளைகள் ஆற்றுக்குள் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் எந்தத் தகப்பனுக்கும் வரும். எங்களிடம் பணம் இருந்திருந்தால் 2016இல் நாங்களும் சுவர்தான் கட்டியிருப்போம்.

பிறகு 2019 ஏப்ரல். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த நாட்டில் முஸ்லிமாகத் தெருவில் நடப்பது எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. கோயிலில் தொழுதுகொண்டிருந்த அப்பாவிகளைக் கொன்றவர்கள் எங்கள் பெயரை வைத்துக்கொண்டு கொன்றார்கள். அந்த வெட்கமும் பயமும் ஒன்றாகவே இருந்தன. மே மாதம் நோன்பு வந்தது. இரண்டாவது கிழமையில் வடமேல் மாகாணத்தில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. யாரும் கதைக்கவும் இல்லை.

ஒவ்வொரு நோன்புக்கும் சீயா வீட்டுக்கு ஒரு ஜக் கஞ்சி போகும். அந்த வருடம் நாங்கள் அனுப்பவில்லை. அனுப்பினால் வாங்குவார்களா, வாங்கினால் அவர்களை யாராவது ஏதும் கேட்பார்களா என்று யோசித்து யோசித்துப் பத்து நோன்பு போய்விட்டது.

வெசாக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அஸர் தொழுது கொஞ்ச நேரத்தில், சீயா வேலியோரம் வந்து நின்றார். "பேத்திக்கு வெசாக் கூடு கட்டணும். உண தண்டு ரெண்டு தருவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. என்னைக் கேட்கத் தேவையில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் சொன்ன மனிதர், தன்னுடைய மூங்கிலுக்குத் தானே அனுமதி கேட்டு வேலிக்கு வெளியே நிற்கிறார். அனுமதி கேட்க வைத்தது எது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"அது உங்கட உண தானே சீயா" என்று மட்டும் சொன்னோம். உள்ளே கூட்டிப்போய் வெட்டிக் கொடுத்தோம். பெருவிரல் தடிப்புத்தான், ஆனால் கூட்டுக்குக் கீறி எடுக்க இளந்தண்டே நல்லது. தண்டைக் கையில் வாங்கி, கணுவைத் தடவிப் பார்த்தார். போகும்போது திரும்பி, "இந்த முறை கஞ்சி போடலையா?" என்று கேட்டார்.

சின்ன மகள் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜக்கைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினாள்.

அந்த வெசாக் எல்லா இடமும் மங்கலாகத்தான் போனது. சீயா வீட்டு முற்றத்தில் ஒரு கூடு எரிந்தது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டோம். அவருடைய மகன் அதற்குப் பிறகும் நீண்ட காலம் எங்கள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. 2023இல் சீயா காலமானார். அவர்கள் வழக்கத்தில் மரண வீட்டுப் பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டுவார்கள். யாரும் கேட்கவில்லை. நாங்கள் நேராக நிற்கும் தண்டுகளாகப் பார்த்து இருபது வெட்டி, கிளை கழித்து, அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைத்தோம். மகன் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

போன நவம்பரில் டித்வா புயல் வந்தது. நாங்கள் உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேட்டில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்ததை உள்ளபடி எழுதுகிறோம். ஏனென்றால் மூங்கில் நட்டால் ஆறு ஒன்றும் செய்யாது என்று யாரும் எங்கள் பதிவைப் பார்த்து நம்பிவிடக்கூடாது. சரிவில் நட்ட மூன்றில் இரண்டு போய்விட்டன. மூங்கிலின் வேர் நாருரு வேர். மேல் மண்ணை வலையாகப் பிடிக்கும், ஆழமாக இறங்காது. ஆறு அடியைக் குடைந்துவிட்டால் புதர் தன் பாரத்தாலேயே மண்ணோடு சாயும். சரிவில் நட்டது எங்கள் பிழையாக இருக்கலாம். ஆனால் மேல் வரிசை நான்கும் நின்றன. அதற்கு உள்ளே ஓரடி மண்ணும் போகவில்லை. புதருக்குள் குப்பையும் மரக்கட்டைகளும் ஒரு லொறி அளவு சிக்கியிருந்தன. கிணறு சேற்றால் நிறைந்திருந்தது, ஆனால் அதே இடத்தில் இருந்தது. இறைத்துக் குளோரின் போட்டு இப்போது குடிக்கிறோம்.

பக்கத்து வளவுச் சுவரின் அடியையும் தண்ணீர் குடைந்திருந்தது. ஒரு பகுதி ஆற்றுப் பக்கம் சாய்ந்து நின்றது. மூங்கில் வென்றது, கொங்கிரீட் தோற்றது என்று நினைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆறு இரண்டு வளவிலும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தது.

இந்தப் புத்தாண்டுக்குச் சீயாவின் மகன் கவுமும் கொக்கிஸும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தேநீர் குடித்தார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். எழும்பிப் போகும்போதுதான் கேட்டார்: "எங்கட அப்பாவின் உண இன்னும் இருக்கா?"

கூட்டிப்போய்க் காட்டினோம்.

வகுப்பில் சொல்கிற ஒரு விஷயத்தை அவருக்கும் சொன்னோம். நம் ஆற்றங்கரை மூங்கில் பூப்பது மிக அரிது, பூத்தாலும் விதை பிடிப்பதில்லை என்றே சொல்லலாம். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் துண்டு துண்டாகப் போய்த்தான் அது பரவியிருக்கிறது. துண்டிலிருந்து வந்தது தாயின் பிள்ளை அல்ல, அதே தாய்தான். ஆகவே பெக்கோ கிளப்பிய அந்தப் புதர் முழுதாகப் போய்விடவில்லை. அதன் மீதி இங்கே நிற்கிறது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வாள் இருக்கா?" என்றார்.

நீங்கள் படத்தில் பார்த்த பன்னிரண்டு துண்டுகளும் அவருடையவை. அவரே அறுத்தார், அவருடைய மகள் துளைக்குள் தண்ணீர் ஊற்றினாள். முன்பு வெசாக் கூடு கட்டக் கேட்ட அந்தப் பேத்திதான், இப்போது பெரிய பிள்ளை. பாத்தி எங்கள் வளவில், நிழல் இங்கே இருப்பதால். சுவரைத் திருத்தி, அதற்கு உள்ளே பத்தடி தள்ளி நடப்போகிறார். சரிவில் வேண்டாம் என்று எங்கள் தோல்வியையும் சொல்லியிருக்கிறோம்.

இன்று ஸுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். இரண்டு துண்டுகளில் பச்சை முளை தலை காட்டுகிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். முளைக்குச் சந்தோஷப்பட வேண்டாம், வேர் வரட்டும் என்றோம். சிரித்தார்.

துண்டு கேட்டவர்களுக்கு: இந்தப் பருவத்தில் இன்னும் நாலைந்து பேருக்குக் கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ். வாளையும் ஈரச் சாக்கு ஒன்றையும் கொண்டு வாருங்கள். விலை இல்லை, சீயா எங்களிடம் வாங்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம். உங்கள் புதர் பெருத்ததும் பக்கத்து வளவுக்காரருக்கு ஒரு துண்டு கொடுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.